தொழுவத்து உண்ணியை எந்த மரபணுவில் படிப்பது?

மாட்டுப் பொங்கல் காலையில், மலேசியாவின் செபராங் பிறையில் இருக்கும் அண்ணன் வீட்டுத் தொழுவத்தில் பசுக்களைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். அலைதாடியின் மடிப்பிலும் வாலின் அடியிலும் மடிக்குப் பின்புறமும் ஆமணக்கு விதைகளைப் போல உண்ணிகள் பருத்துத் தொங்கின. பதினைந்து நாள் முன்புதான் அண்ணன் மருந்து தெளித்திருந்தார். சில வருடங்களுக்கு முன்பு அதே மருந்து, அதே அளவில், ஒரே தெளிப்பில் உண்ணிகளைக் கொட்டவைத்தது. "மருந்தில் ஏதோ கலப்படம்" என்றார் அண்ணன். விற்றவரோ, தண்ணீரைக் கூட்டிவிட்டீர்கள் என்றாராம். உண்ணி மாறியிருக்கலாம் என்று இருவருமே நினைக்கவில்லை.

நான் ஜார்ஜ் டவுனில், மரபணுத் துண்டுகளைப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரத்தோடு பொழுதைக் கழிக்கும் ஆய்வக ஊழியர். "நீதான் மரபணுவெல்லாம் படிக்கிறாயே, இதையும் படித்துச் சொல்லேன்" என்று அண்ணன் கேட்டார். படிக்கலாம். ஆனால் எதை? உண்ணியின் மரபணு வேறுபாட்டை அளக்க நான்கைந்து வழிகள் போட்டி போடுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். தவறான வழியில் போனால் பணமும் போகும், மாடும் மெலியும்.

உண்ணியின் வாழ்க்கையை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டுண்ணி ஒரே மாட்டில் வாழ்வது. குஞ்சாக ஏறி, அங்கேயே இரண்டு முறை தோலுரித்து, ஏறத்தாழ மூன்று வாரத்தில் வயிறு நிறைந்த பெண் உண்ணி மண்ணில் விழுகிறது; 2,000 முதல் 3,000 முட்டைகள் வரை இட்டுவிட்டுச் சாகிறது. அந்த முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் கொத்தாகப் புல் நுனியில் காத்திருந்து, கொத்தாகவே அடுத்த மாட்டில் ஏறுகின்றன. ஆகவே ஒரு பசுவிலிருந்து பத்து உண்ணிகளைப் பிடுங்கி வந்தால், அவை பத்தும் ஒரு தாய் மக்களாக இருந்துவிடக்கூடும். எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பிழை அதைக் கெடுத்துவிடும்.

வம்சம் எது என்று கேட்டால், சி.ஓ.ஐ. மரபணுவுக்கு நிகர் இல்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் இழைமணிக்குள் (மைட்டோகாண்ட்ரியா) இருக்கும் இந்த மரபணுவில் ஏறத்தாழ 650 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படித்தால் போதும். நுண்ணோக்கியின் கீழ் வைத்தாலும் பிரிக்கத் தடுமாறவைக்கும் உண்ணிகளை அது பிரித்துவிடும். மாட்டுண்ணியை ரைபிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ் என்று நாம் ஒரே பெயரில் அழைத்துவந்ததற்குள் பல கிளைகள் ஒளிந்திருந்தன. ஆஸ்திரேலிய உண்ணியையும் தென்னாப்பிரிக்க உண்ணியையும் இணைசேர்த்த 1978ஆம் ஆண்டு ஆய்விலேயே கலப்பில் மலட்டுத்தன்மை தெரிந்தது. ஆனாலும் ஆஸ்திரேலிய உண்ணிக்கு ஆஸ்திராலிஸ் என்ற தனி இனப் பெயர் 2012இல்தான் திரும்பக் கிடைத்தது. 2014இல் மைக்ரோபிளஸுக்குள் ஏ, பி என்று இரண்டு கிளைகள் காட்டப்பட்டன. தென் சீனத்திலும் வட இந்தியாவிலும் காணப்படும் பி கிளை, ஏ கிளையைவிட அனுலாட்டஸ் என்ற வேறோர் இனத்துக்கே நெருக்கமாக நின்றது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசிய உண்ணிகளின் சி.ஓ.ஐ. மரபணுவைப் படித்து, சி என்ற புதிய கிளையை அறிவித்தார்கள். அந்தக் கிளையில் மலேசிய உண்ணியும் இந்திய உண்ணியும் ஒன்றாக இருக்கின்றன.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் முன்னோர் தோட்ட வேலைக்கு வந்தபோது மாடுகளும் கப்பலேறி வந்தன. அந்த மாடுகளின் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியப் பால்மாடு' என்று தனி இனமாகக் குறிக்கிறார்கள். அவற்றின் காது மடலில் ஒட்டிக்கொண்டு உண்ணிகளும் வந்திருக்குமா? ஒரு கிளையில் ஒன்றாக நிற்பது அதற்குச் சான்று ஆகிவிடாது. வேறு வழிகளிலும் அப்படி நிற்கலாம். ஆனாலும் என் பாட்டனார் ஓட்டிவந்த பசுவின் கதையை ஓர் உண்ணிக்குள் தேட முடியும் என்பது எனக்குச் சின்ன விஷயம் அல்ல.

சி.ஓ.ஐ. மரபணுவின் குறையும் அதன் பலத்திலேயே இருக்கிறது. இழைமணி தாயிடமிருந்து மட்டும் வருவது. வேறு கிளையைச் சேர்ந்த ஆண் உண்ணி கலந்திருந்தாலும் அது கண்ணில் படாது. அதைப் பார்க்க உட்கருவிலுள்ள ஐ.டி.எஸ்.2 என்ற பகுதி உதவ வேண்டும். இரு பெற்றோரின் தடமும் அதில் உண்டு. ஆனால் இந்த நெருங்கிய கிளைகளுக்கிடையே அதில் வேறுபாடு மிகக் குறைவு. 16எஸ் மரபணுவும் இழைமணியைச் சேர்ந்ததே, சி.ஓ.ஐ. அளவுக்கு மாறாதது. பழைய ஆய்வுகளோடு ஒப்பிட அது பயன்படும். அதற்கு மேல் நான் அதில் பணம் போட மாட்டேன்.

அடுத்தது மைக்ரோசாட்டிலைட். சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இவை. எத்தனை முறை திரும்புகிறது என்பது உண்ணிக்கு உண்ணி மாறும். இரு பெற்றோரிடமிருந்தும் வருவதால், பக்கத்துப் பக்கத்துத் தொழுவங்களுக்கிடையே உண்ணிகள் எவ்வளவு கலக்கின்றன என்பதை இவை காட்டும். பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியாத் தீவில் மாட்டுண்ணி 1942இல்தான் புகுந்தது. அங்கே ரூசா மானும் உண்டு. பெயரே மலாய்ச் சொல்தான். ஒரே நிலத்தில் மேயும் மாட்டின் உண்ணியும் மானின் உண்ணியும் சில பத்தாண்டுகளுக்குள் மரபணுவில் பிரியத் தொடங்கிவிட்டதை மைக்ரோசாட்டிலைட்தான் காட்டிக்கொடுத்தது. சி.ஓ.ஐ. துண்டில் இவ்வளவு அண்மைக்கால மாற்றத்தைப் பார்க்க முடியாது. செம்பனைத் தோட்டங்களுக்குள் பல வீட்டு மாடுகள் ஒன்றாக மேயும் நம் பகுதிக்கு இதுதான் பொருத்தமான கருவி என்பேன். ஆனால் அதற்குப் பல மந்தைகளிலிருந்து நிறைய உண்ணிகள் வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்யக்கூடியது அல்ல.

முழு மரபணுத்தொகுதியையே படித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டுண்ணியின் தொகுதி ஏறத்தாழ 710 கோடி எழுத்துகள். மனிதனுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி திரும்ப வரும் தொடர்கள். தொழுவத்துக்கு இது வேண்டாம்.

இத்தனை வழிகளும் உண்ணியின் உறவுமுறையைச் சொல்கின்றன. அண்ணன் கேட்டதோ மருந்தைப் பற்றி. கிளை ஏ, கிளை சி என்று தெரிந்துகொண்டால் மருந்து வேலை செய்யுமா என்று தெரிந்துவிடாது. ஒரே கிளையைச் சேர்ந்த, ஏன், ஒரே தொழுவத்தைச் சேர்ந்த இரண்டு உண்ணிகளில் ஒன்று சாகும், ஒன்று பிழைக்கும்.

அந்தக் கேள்விக்கு இரண்டு வழிகள் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒன்று, நரம்புச் செல்லுக்குள் சோடியத்தை விடும் 'சோடியம் வாயில்' என்ற புரதத்தின் மரபணுவைப் படிப்பது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபுளுமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் அந்த வாயிலைத் தாக்கித்தான் உண்ணியைக் கொல்கின்றன. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. 1999இல் மெக்சிகோ உண்ணிகளில் ஒரு மாற்றமும், 2009இல் ஆஸ்திரேலிய உண்ணிகளில் வேறோர் இடத்தில் இன்னொரு மாற்றமும் அறிவிக்கப்பட்டன. ஒரு குஞ்சு போதும். ஓரிரு நாளில் விடை கிடைக்கும். இன்னொரு மேன்மையும் உண்டு. மெக்சிகோவில் கண்ட மாற்றம் ஒடுங்கு பண்பு: தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் மாற்றம் இருந்தால்தான் உண்ணி மருந்தைத் தாங்கும். ஒரு பிரதியில் மட்டும் மாற்றத்தைச் சுமப்பவை மருந்தில் செத்துப்போகும், ஆனால் அடுத்த தலைமுறையின் ஆபத்து அவற்றுக்குள்தான் இருக்கிறது. அதை மரபணுச் சோதனை மட்டுமே முன்கூட்டிப் பார்க்கும்.

மற்றொன்று காகிதப் பொட்டலச் சோதனை. மருந்து தோய்த்த காகிதத்தை மடித்து அதற்குள் உண்ணிக் குஞ்சுகளை விட்டு, 24 மணி நேரம் கழித்துச் செத்தவை எத்தனை என்று எண்ணுவது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு பரிந்துரைக்கும் பழைய முறை. பருத்த பெண் உண்ணிகள் முட்டையிட்டு, அவை பொரித்து, குஞ்சுகளுக்கு ஒன்றிரண்டு வார வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், ஐந்தாறு வாரம் ஆகிவிடும். அதற்குள் உண்ணி பரப்பும் பாபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணி தொற்றி மாட்டின் சிறுநீர் சிவந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது.

இருந்தும் நான் பொட்டலத்தின் பக்கம்தான் நிற்கிறேன். மரபணுச் சோதனை நாம் ஏற்கெனவே அறிந்த மாற்றத்தை மட்டும் தேடும். உண்ணி தன் நொதிகளால் மருந்தைச் சிதைத்துத் தப்பினால் சோடியம் வாயிலில் எதுவும் தெரியாது. "மாற்றம் இல்லை" என்ற தாளை நம்பி அதே மருந்தைத் தெளித்து ஏமாறுவோம். பொட்டலத்துக்குள் இருக்கும் குஞ்சு எந்த வழியில் தப்பினாலும் தப்பியதாகவே எண்ணப்படும். அமிட்ராஸ் போன்ற வேறு வகை மருந்துகளையும் அதே குஞ்சுக் கூட்டத்தில் சோதித்துவிடலாம். காலம்தான் இடர் என்றால், பருத்த பெண் உண்ணிகளை மருந்தில் முக்கி, அவை இடும் முட்டையை எடைபோடும் முறை இருக்கிறது. நுட்பம் குறைவு, ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் ஓரளவுக்கு விடை தரும்.

தடுப்பூசியை நம்புபவர்களும் மரபணு வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது. உண்ணியின் குடலிலுள்ள பி.எம்.86 என்ற புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசிகள் 1990களில் கியூபாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்பனைக்கு வந்தன. அர்ஜென்டினாவின் ஓர் உண்ணி வகைக்கு அது பலிக்கவில்லை. அந்த உண்ணியின் புரதத்தையே எடுத்து, பி.எம்.95 என்று வேறொரு தடுப்பூசியை உருவாக்க வேண்டியிருந்தது.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. மூடியில் துளையிட்ட டப்பாக்களைக் கொடுத்தேன். ஒரு மாட்டுக்கு ஒரு டப்பா. பருத்த பெண் உண்ணிகளை மட்டும், வாய்ப்பகுதி அறுந்துவிடாமல் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ஒரே பசுவிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. எந்தத் தேதியில் எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலந்தார் என்று மேலே எழுதி ஒட்ட வேண்டும். "இந்தக் கன்றுக்குட்டிக்கும் தனி டப்பாவா?" என்றார். ஆமாம், அதற்கும் தனிதான். சனிக்கிழமை முதல் டப்பாக்கள் வருகின்றன. குஞ்சுகளில் ஒரு பிடியைப் பொட்டலத்துக்கு எடுத்துவிட்டு, மிச்சத்தை எத்தனாலில் போட்டு வைப்பேன், சி.ஓ.ஐ. மரபணுவுக்காக.