விரல்ரேகை பார்த்துப் படிப்பைச் சொல்கிறவர்களிடம் பணம் கட்டும் முன்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தை ஒட்டி நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கமெல்லாம் கல்யாண மண்டபங்களில் 'இலவச உயர்கல்வி வழிகாட்டி முகாம்' என்று போர்டு தொங்கும். எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு வகையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வாசலிலேயே பிள்ளையின் பெயர், பெற்றோர் போன் நம்பர், அப்பாவின் தொழில் மூன்றையும் எழுதி வாங்குவார்கள். உள்ளே மேசையில் லேப்டாப்பும் சின்ன ஸ்கேனரும் இருக்கும். பத்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லி, பிள்ளையின் 'பிறவித் திறமை' இதில் தெரிந்துவிடும் என்பார்கள். அழைப்பிதழில் இலவசம் என்று இருக்கும். ரிப்போர்ட் வேண்டுமென்றால் மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம்.

இரணியல் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைப் பெயர் இல்லாமல் சொல்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவள். பிளஸ் டூவில் கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் போனதில்லை. 4,500 ரூபாய் கட்டி வாங்கிய ஸ்பைரல் பைண்டிங் ரிப்போர்ட்டில் மொழித் திறன், கணக்குத் திறன், இசைத் திறன் என்று எட்டுத் திறமைகளுக்கும் சதவீதம் போட்டிருந்தது. மிகவும் கூடியது 14, மிகவும் குறைந்தது 11. எட்டையும் கூட்டினால் நூறு. கடைசிப் பக்கத்தில் 'பொருத்தமான துறைகள்' என்று நர்சிங், இன்ஜினியரிங், ஃபேஷன் டிசைன், சட்டம், ஐஏஎஸ், ஆசிரியப் பணி என இருபதுக்கு மேல். நர்சிங்கில் மட்டும் பேனாவால் ஒரு வட்டம். இரண்டாம் நாள் போன்: "அக்கா, பிள்ளைக்கு நர்சிங்தான் அமையும்னு ரிப்போர்ட்லயே வந்திருக்கு. வெளிமாநிலத்துல நல்ல காலேஜ், ரெண்டு சீட்டுதான் மிச்சம். இன்னைக்கு இருபத்தஞ்சாயிரம் போட்டா பிளாக் பண்ணிரலாம்." பணத்தோடு ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் போயின. அங்கே போய்ப் பார்த்தால் அது ஓராண்டு 'மருத்துவமனை உதவியாளர் டிப்ளமோ'. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத படிப்பு.

பி.எஸ்சி நர்சிங்குக்குப் பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும். அந்தப் பிள்ளை உயிரியலே படிக்கவில்லை. முகாமில் விரலைப் பிடித்துப் பார்த்தவர்கள், பிள்ளை எந்த குரூப் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. படிப்புக்கு வழி சொல்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

ஸ்கேனர் செய்யும் வேலை இவ்வளவுதான்: ரேகை சுழலா, வளைகோடா, வில்லா என்று வகை பிரிக்கும். ரேகைகள் முக்கோணமாகப் பிரியும் இடத்திலிருந்து நடு மையம் வரை கோடு போட்டு, அதை எத்தனை ரேகை வெட்டுகிறது என்று எண்ணும். வில் வகைக்குப் பூஜ்யம். எண்ணிக்கை நிஜமானது, யார் எண்ணினாலும் ஏறக்குறைய அதேதான் வரும். அதற்கு அப்புறம்தான் ஏமாற்று தொடங்குகிறது. இந்த விரல் மூளையின் இந்தப் பகுதி, அந்தப் பகுதி இந்தத் திறமை என்று ஒரு அட்டவணையைச் சாஃப்ட்வேரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணைக்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமே இந்த டெஸ்டுக்கு எதிராகக் கருத்து வெளியிட்டிருக்கிறது. எட்டுத் திறமைகள் என்ற பேச்சு அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து எடுத்தது. அவர் கோட்பாட்டில் விரல்ரேகைக்கு இடமே இல்லை.

'95 சதவீதம் துல்லியம்' என்று சொன்னால் மயங்காதீர்கள். ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடும், சாகும்வரை மாறாது. அதனால் அதே பிள்ளைக்கு நாளை எடுத்தாலும் பத்து வருடம் கழித்து எடுத்தாலும் அதே விடை வரத்தான் செய்யும். விடை மாறாமல் வருவதும் விடை சரியாக இருப்பதும் ஒன்றல்ல. பிள்ளை எட்டாம் வகுப்பில் கணக்கைக் கண்டு பயந்து, பத்தாம் வகுப்பில் நல்ல டீச்சர் கிடைத்துத் தேறிவிட்டாள் என்றால், இந்த டெஸ்டுக்கு அது தெரியவே தெரியாது.

ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியவர்கள் ஒன்று செய்து பாருங்கள். மூன்று நான்கு பிள்ளைகளின் ரிப்போர்ட்டில் பெயரை மறைத்து, கலைத்துப் போட்டு, எது தன் பிள்ளையுடையது என்று பெற்றோரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் எல்லாத் திறமையும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதால் எல்லாமே தன் பிள்ளை மாதிரித்தான் தோன்றும்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பறையில் வைத்து மொத்தமாக ரேகை எடுக்க அனுமதிக்காதீர்கள். 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. பாஸ்வேர்டை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

உண்மையான இழப்பு 4,500 அல்ல. அந்தப் பிள்ளை கணக்கு குரூப். தமிழக அரசின் இன்ஜினியரிங் கவுன்சிலிங் தரவரிசையில் கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200-க்குக் கட் ஆஃப். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு அதில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும் உண்டு. இவை எல்லாம் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். ஏஜென்ட் மூலம் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த அன்றே கையை விட்டுப் போய்விடும். அரசுக் கவுன்சிலிங்கில் ஏஜென்டுக்குக் கமிஷன் இல்லை. அதனால்தான் அவர் வாயிலிருந்து 7.5 என்ற எண் வராது. எந்த வழிகாட்டியிடமும் நேராகவே கேளுங்கள்: "சார், இந்தக் காலேஜ்ல சேர்ந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்?" பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடற்கரை ஊர்களில் இதே ஆட்கள் நர்சிங்குக்குப் பதில் 'ஷிப்பிங் கோர்ஸ்' என்று வட்டம் போடுகிறார்கள். கப்பலில் அதிகாரியாகப் போக இயற்பியல், வேதியியல், கணக்கு படித்து இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ஜிபி ரேட்டிங் என்பது கப்பலில் சாதாரணப் பணியாளராகச் சேர ஆறு மாதப் பயிற்சி, பத்தாம் வகுப்பு போதும். எதுவானாலும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தில்தான் படிக்க வேண்டும். பயிற்சியே இல்லாமல் வெளிநாடு ஒன்றின் சிடிசி (மாலுமியின் பணிப் பதிவேடு) வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆள் எடுக்கும் கம்பெனிக்கு ஆர்பிஎஸ்எல் என்ற, மாலுமிகளை வேலைக்கு எடுப்பதற்கான அரசு உரிமம் இருக்க வேண்டும்; உரிமம் உள்ளவர் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. கடல் தொழிலோடு ஒட்டியே படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது, கொச்சியிலும் சென்னையிலும் சிஃப்நெட் என்ற மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. முகாம் மேசைகளில் இந்தப் பெயர்களைக் கேட்கவே மாட்டீர்கள்.

செலவில்லாமல் உருப்படியாகச் செய்ய வேண்டுமானால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள், ஏனென்றால் பாதி வாசல் பதினொன்றாம் வகுப்பு குரூப் எடுக்கும்போதே மூடிவிடும். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கென்று 'தமன்னா' என்ற திறனறி தேர்வு இலவசமாக இருக்கிறது. மொழி, எண், இடஞ்சார் திறன், இயந்திர அறிவு என ஏழு பகுதிகள். பாஸ், ஃபெயில் கிடையாது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். நாகர்கோவில் கோணம் பகுதியில் மாவட்ட வேலைவாய்ப்பு, தொழில்நெறி வழிகாட்டு மையம் இருக்கிறது. சந்தேகம் கேட்கப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இதோடு, பிள்ளை ஆசைப்படும் வேலையை அரை நாள் நேரில் பார்க்க வையுங்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலை டெக்னீஷியனிடம் பேசினால், உயரம் ஏறப் பயமா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அவரிடம் சம்பளத்தை மட்டும் கேட்காமல், முதல் ஐந்து வருடம் எப்படி இருந்தது, கூடப் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பணம் போனவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். நோட்டீஸ், ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். யுஜிசிக்கு (பல்கலைக்கழக மானியக் குழு) உட்பட்ட கல்லூரியாக இருந்தால் ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்க அதிகாரம் கிடையாது. யுஜிசியின் 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பு விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய்க்கு உட்பட்ட சிறு பிடித்தம் போக முழுக் கட்டணம், அதற்குப் பிறகு கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. விலகல் கடிதத்தைக் கையில் கொடுக்காமல் ஸ்பீட் போஸ்டில், கிடைத்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். தேதிதான் சதவீதத்தைத் தீர்மானிக்கும். ரிப்போர்ட் விற்றவர், ஏஜென்ட், அங்கீகாரமில்லாத பயிற்சி மையம் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் பணம் அனுப்பியதும் ஏமாற்று என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.