“உங்க ரெஸ்யூமே ஸ்கோர் 38தான்” என்று போன் வந்தால் பணம் கட்டாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் கணக்குப் பார்த்தவர். கோவையில் வேலை தேடி, வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் ரெஸ்யூமேயை ஏற்றினார். இரண்டாம் நாளே போன் வந்தது. “சார், உங்க ஏடிஎஸ் ஸ்கோர் 38தான். 80 தாண்டினாத்தான் ஹெச்ஆர் கண்ணுல படும்.” மாற்றி எழுத 1,499 ரூபாய் கேட்டார்கள், கட்டினார். அடுத்த வாரம் ‘இன்டர்வியூ கன்ஃபர்ம்’ செய்ய 3,500. பிறகு ‘டாக்குமென்ட் வெரிஃபிகேஷன்’ என்று 6,000, அது திரும்பக் கிடைக்கும் என்றார்கள். மொத்தம் 10,999 ரூபாய் போனது. இன்டர்வியூ வரவில்லை, அந்த எண் இப்போது சுவிட்ச் ஆஃப்.

பணம் போனதைவிட, எழுதிக் கொடுத்த ரெஸ்யூமே செய்த கெடுதல் பெரிது. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறோம்.

முதலில் அந்த 38. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஸ்கோர் என்று ஒன்று கிடையாது. ஏடிஎஸ் என்பது வருகிற விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்து, தேட வசதி செய்து கொடுக்கும் மென்பொருள். ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு மென்பொருள் வைத்திருக்கும், ஒவ்வொரு வேலைக்கும் தேடும் சொற்களும் வேறு. எந்த வேலைக்கு என்றே சொல்லாமல் ஒருவர் ஸ்கோர் சொன்னால், அது அவரே போட்டுக்கொண்ட எண்.

வந்த ஃபைல் பார்க்க அழகாக இருந்தது. பக்கத்தை நெட்டுவாக்கில் பிரித்து இரண்டு பத்தி (column), இடப்பக்கம் போட்டோ, கணக்கு மென்பொருளான டாலிக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம். மென்பொருள் படிக்கும்போது இரண்டு பத்தியின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடலாம். நட்சத்திரமும் படமும் அதற்கு எழுத்தே அல்ல. பக்கத்தின் மேல் ஹெட்டரில் போன் நம்பரைப் போட்டிருந்தார்கள். சில மென்பொருள்கள் ஹெட்டரைப் படிப்பதில்லை, ஆகவே கூப்பிட நம்பரே இல்லாமல் போகும். கடைசியில் வெள்ளை நிறத்தில், கண்ணுக்குத் தெரியாமல் முப்பது திறன் சொற்கள். இதை யாராவது ‘ட்ரிக்’ என்று சொன்னால் உடனே நீக்கச் சொல்லுங்கள். மென்பொருள் எழுத்தை மட்டும் உருவி எடுக்கும்போது அந்த முப்பது சொல்லும் கறுப்பாக, தேர்வு செய்பவர் கண்முன் வந்து நிற்கும்.

உங்கள் ஃபைலைச் சோதிக்கக் காசு வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து, கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி அடித்து நோட்பேடில் ஒட்டுங்கள். பெயர், போன், கம்பெனி, தேதி எல்லாம் நீங்கள் எழுதிய வரிசையில் வந்தால் சரி. குழம்பி வந்தால் பத்திப் பிரிப்பையும் டேபிளையும் எடுத்துவிட்டு, பக்கத்தின் முழு அகலத்தில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது எழுத்தல்ல, படமாகச் சேமித்த ஃபைல்.

அதைவிட ஆபத்தானது, அவர்கள் கேட்காமலே செய்த இரண்டு திருத்தம். ‘அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ்’ என்பதை ‘அக்கவுண்ட்ஸ் மேனேஜர்’ ஆக்கினார்கள். நடுவில் இருந்த ஐந்து மாத இடைவெளியை, பழைய கம்பெனியின் கடைசித் தேதியை நீட்டி மறைத்தார்கள். ஆஃபர் கொடுத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்கும் கம்பெனிகள் நிறைய. உங்கள் பிஎஃப்புக்கான 12 இலக்க எண்ணான யூஏஎன்னின் கீழ் ஒவ்வொரு கம்பெனியிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இருக்கும். சம்பளத்தில் வருமான வரி (டிடிஎஸ்) பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் எந்தக் கம்பெனி பிடித்தது என்பது தெரியும். பதவிப் பெயர் ரிலீவிங் லெட்டரில் இருக்கும். இவற்றோடு ரெஸ்யூமே பொருந்தாவிட்டால் ஆஃபரைத் திரும்பப் பெறலாம், சேர்ந்த பிறகு தெரிந்தாலும் வேலையை விட்டு எடுக்கலாம். “நான் எழுதல, அவங்க எழுதினாங்க” என்பது அங்கே எடுபடாது. இடைவெளியை இருந்தபடியே விட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதுவது எவ்வளவோ மேல். அம்மாவின் சிகிச்சை, படிப்பு, பிரசவம் எதுவானாலும் சரி.

ஆகவே ரெஸ்யூமே எழுத உட்காரும் முன் பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓவின் உறுப்பினர் தளத்தில் ‘வியூ’ பகுதியில் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததுபோலத் தோன்றும். கடைசி பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருந்தால், ‘மேனேஜ்’ பகுதியில் ‘மார்க் எக்ஸிட்’ வழியாக நீங்களே ஆதார் ஓடிபி கொடுத்துப் போடலாம்.

இனி, அவருக்கு என்ன எழுதியிருக்க வேண்டும்? வந்த ரெஸ்யூமேயில் இருந்தது ‘கடின உழைப்பாளி, ஜிஎஸ்டியில் அனுபவம்’. இது கணக்குப் பார்க்கும் எல்லாருக்கும் பொருந்தும். அவர் செய்த வேலையோ இது: மாதம் சுமார் 400 பில், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14ஆம் தேதி வரும் 2பியை (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு, பில் ஏற்றாத சப்ளையரைப் பிடித்து, 20ஆம் தேதிக்குள் 3பி (மாத வரிக் கணக்கு). சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி சுருங்காமல் செய்வது) ஜாப் ஒர்க் பில்களுக்கு டிடிஎஸ், ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்குக்கு ஐடிசி-04 படிவம். இதை அப்படியே நாலு வரியில் எழுதினால் போதும், கணக்குத் துறைத் தலைவர் படித்ததும் ஆளைப் புரிந்துகொள்வார். எந்தத் தொழிலானாலும் அளவு, கெடு, பயன்படுத்திய மென்பொருள் இந்த மூன்றும் வரிக்குள் வர வேண்டும். விளம்பரத்தில் ‘டாலி பிரைம்’ என்று இருந்தால் நீங்களும் அதே சொல்லை எழுதுங்கள், உண்மையில் தெரிந்திருந்தால் மட்டும். அனுபவம் ஐந்து வருடத்துக்குள் என்றால் ஒரு பக்கம், அதற்கு மேல் இரண்டு.

ஆதார் எண், பான், பிறந்த தேதி, அப்பா பெயர், முழு முகவரி எதுவும் ரெஸ்யூமேயில் வேண்டாம். ஊர் பெயர் போதும். ஏமாற்றுபவர் கையில் அந்த விவரங்கள்தான் அடுத்த வலை. தளத்தின் பாஸ்வேர்டை ‘புரொஃபைல் அப்டேட் செய்ய’ என்று கேட்பார்கள். கொடுத்தால் மெயில் ஐடியை மாற்றிவிடுவார்கள், உண்மையான அழைப்பு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ‘பதிவுக் கட்டணம் 10 ரூபாய் மட்டும்’ என்று லிங்க் வந்தால் திறக்கவே வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது உங்கள் கார்டு எண்ணும் ஓடிபியும்.

காசு வாங்கி ரெஸ்யூமே எழுதுபவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ஒழுங்கானவர் எழுதும் முன் உங்களிடம் அரை மணி நேரமாவது கேள்வி கேட்பார், வேர்ட் ஃபைலாகவும் தருவார், வேலைக்கு உத்தரவாதம் தரமாட்டார்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியுங்கள், வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், அழைப்பு வந்த எண், அவர்கள் அனுப்பிய ஃபைல் எதையும் அழிக்காதீர்கள். கம்பெனி நிஜமாக இருந்து சேவைதான் மோசம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அந்த ரெஸ்யூமேயை எந்தெந்தத் தளத்தில் ஏற்றியிருக்கிறீர்களோ, எல்லாவற்றிலும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.