வெண்புள்ளி நோய்: சூடா, உப்பா, பச்சை மருந்தா, இடமாற்றமா?

சென்னை கொளத்தூர் பக்கம் எந்த வளர்ப்பு மீன் கடையிலும் ‘ஒயிட் ஸ்பாட்’ என்று சொன்னால் போதும், ஒரு குப்பி கைக்கு வந்துவிடும். தங்கமீன் வைத்திருப்பவருக்கும் அதே குப்பி, மோலிக்கும் அதே, க்ளவுன் லோச்சுக்கும் அதே. தங்கமீனும் மோலியும் எதையும் தாங்கும் ஜாதி. லோச், டெட்ரா, கோரிடோராஸ், பிளாக் கோஸ்ட், மிஸ் கேரளா போன்ற நொய்மையான மீன்களுக்கு அந்தக் குப்பி சரிப்படுமா, இல்லையென்றால் வேறு என்ன வழி என்பதைத்தான் இங்கே அலசப்போகிறேன்.

எதிரி யார் என்று தெரியாமல் வழிகளை ஒப்பிட முடியாது. மீன்மேல் தெரியும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் இக்தியோப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து மீனைத் தின்கிறது. வளர்ந்ததும் உதிர்ந்து, கூழாங்கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்கிறது. உறைக்குள் நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. வெளியே வரும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். 25 டிகிரி தண்ணீரில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கினால் பத்து நாளையும் தாண்டும்.

தொட்டியில் ஊற்றும் மருந்துகள் பெரும்பாலும் இப்படி வெளியே வந்து நீந்தும் ஒட்டுண்ணிக் குஞ்சைத்தான் கொல்கின்றன. தோலுக்கடியில் இருப்பதும் உறைக்குள் இருப்பதும் அநேகமாகத் தப்பிவிடும். அதனால் மருந்தின் வலுவைவிட, அதை எத்தனை நாள் விடாமல் பிடிக்க முடியும் என்பதே காரியத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு சுற்றுக்காவது தண்ணீரில் குஞ்சைக் கொல்லும் ஏதோ ஒன்று இருந்தே ஆகவேண்டும். ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: இரண்டு வாரம் இதை என் மீன் தாங்குமா?

இன்னொன்று. ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடிமேல் வரிசையாக வெள்ளைப் பொடிப்பு வரும். அது நோயே இல்லை. அதற்கு மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

சூடு

தண்ணீரை 30 டிகிரிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துவது. அந்தச் சூட்டில் இந்த உயிரியின் பெரும்பாலான ரகங்களால் பெருக முடியாது. ஏற்கெனவே மீன்மேல் இருப்பவையும் சீக்கிரம் உதிர்ந்துவிடும். செலவு ஹீட்டருக்கு மட்டும்தான். தண்ணீரில் எதையும் கலக்கவில்லை என்பதால் பில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கு ஆபத்தில்லை. செடியும் இறாலும்கூட மருந்தைவிட இதை நன்றாகவே சமாளிக்கும்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது ஆக்சிஜன். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். செவுளிலும் புள்ளி இருக்கும் மீனுக்கு அதுவே பெரிய குறைச்சல். ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) இல்லாமல் சூடு ஏற்றுவது மீனை மூச்சுத் திணற வைப்பதற்குச் சமம். இரண்டாவது, எல்லா மீனுக்கும் சூடு ஆகாது. க்ளவுன் லோச் சுமத்ரா, போர்னியோ ஆறுகளிலிருந்து வருவது, 30 டிகிரி அதற்குப் பழக்கம்தான். டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா, ராம் சிக்லிட் ஆகியவற்றுக்கும் அப்படியே. மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளில் வாழும் மீன். குளிர்ச்சியும் நிறைய ஆக்சிஜனும் கேட்கும். அதை இரண்டு வாரம் 30 டிகிரியில் வைக்க எனக்கு மனம் வராது. பாண்டா கோரிக்கும் (கோரிடோராஸைச் சுருக்கமாகக் கோரி என்பார்கள்) மலையோடை லோச்சுகளுக்கும் இதே கதை.

சென்னையில் சித்திரை, வைகாசியில் தொட்டி தானாகவே 30-ஐத் தாண்டிவிடும். என் பார்வையில் இங்கே இந்த நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் ஐப்பசி மழையிலும் மார்கழியிலும்தான். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து காலையில் பிடித்த சில்லென்ற தண்ணீரை அப்படியே மாற்றிய மறுவாரம் புள்ளி வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஹீட்டர் நல்ல ஆயுதம். ஆனால் கரண்ட் போனால் ஹீட்டரும் ஏர் பம்பும் சேர்ந்தே நின்றுவிடும் என்பதால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். ஹீட்டர் முகப்பில் இருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம், தனியாக ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள். ஏற்றும்போது நாளுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் வேண்டாம். ஒட்டுண்ணியில் சூட்டைத் தாங்கும் ரகங்களும் உண்டு. 30 டிகிரியில் ஒரு வாரம் ஆகியும் புதுப் புள்ளி வந்துகொண்டே இருந்தால் வேறு வழிக்குப் போய்விட வேண்டியதுதான்.

உப்பு

‘லோச்சுக்கு உப்பே ஆகாது, அதற்குச் செதில் கிடையாது’ என்று பலர் சொல்வார்கள். க்ளவுன் லோச்சுக்குச் செதில் உண்டு, தோலுக்குள் புதைந்த நுண்ணிய செதில். கோரிடோராஸுக்கோ உடம்பு முழுக்க எலும்புத் தகடு. செதிலை எண்ணி மருந்தை முடிவு செய்ய முடியாது. உப்பைப் பொறுத்தவரை, எவ்வளவு போடுகிறோம், எவ்வளவு மெதுவாகப் போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

உப்பு இரண்டு வேலை செய்கிறது. நன்னீர் மீனின் உடலுக்குள் இருக்கும் உப்பு வெளியே இருப்பதைவிட மிக அதிகம். அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகும், அதைச் சிறுநீரகம் ஓயாமல் வெளியே தள்ளும். புள்ளி உதிர்ந்த இடமெல்லாம் ஓட்டை, தண்ணீர் இன்னும் வேகமாகப் புகும். வெளியே கொஞ்சம் உப்பு இருந்தால் இந்தச் சுமை குறைகிறது. இது முதல் வேலை. நீந்தும் குஞ்சைக் கொல்வது இரண்டாவது. மீன் பண்ணைகளில் இதற்கு லிட்டருக்கு 4, 5 கிராம்வரை போடுவார்கள். லோச், கோரி உள்ள தொட்டியில் நான் 2 கிராமோடு நிறுத்துவேன், மீறினால் 3. அதையும் ஒரே நாளில் கொட்டாமல், லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் நாளுக்கு ஒருமுறை, தனிப் பாத்திரத்தில் கரைத்து ஊற்றுவேன். இந்த அளவு எல்லாக் குஞ்சையும் கொன்றுவிடும் என்று சொல்லமாட்டேன். சூட்டோடு சேர்த்தால்தான் இதற்குப் பலம்.

கணக்கு போடும்போது கவனம் தேவை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி என்றால் 56 லிட்டர் வரும். கூழாங்கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் கழித்தால் உண்மையில் 45 லிட்டர்தான் தேறும். 56-க்குப் போட்டால் கால்பங்கு கூடுதல். தங்கமீனுக்கு அது ஒன்றுமே இல்லை, டெட்ராவுக்கு அந்தக் கால்பங்கே பிரச்சினை. 45 லிட்டருக்கு 90 கிராம் கல்லுப்பு போதும். உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது வெறும் தண்ணீர்தான் ஊற்றவேண்டும். தண்ணீர் மாற்றும்போது மட்டும் எடுத்த அளவுக்கு உப்பு சேர்க்கவேண்டும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் வீடுகள் நிறைய. அங்கே இருக்கும் உப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்குப் பெரிய எதிர்ப்பு செடிகளிடமிருந்துதான். காபோம்பா மாதிரி மெல்லிய இலைச் செடிகள் கருகிக் கரைந்துவிடும்.

மாலகைட் கிரீன், பார்மலின்

மாலகைட் கிரீன் ஒரு பச்சைச் சாயம், பார்மலின் என்பது பார்மால்டிஹைடு கரைசல். வெண்புள்ளிக்கு விற்கும் குப்பிகளில் பல இந்த இரண்டின் கலவைதான், பச்சை மருந்து என்று நான் சொல்வது இதைத்தான். வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் என் கேள்வியில் இதுதான் தோற்கிறது.

மாலகைட் கிரீனின் வழக்கமான அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மூன்று நாளுக்கு ஒருமுறை. நூறு லிட்டருக்கே வெறும் 10 மில்லிகிராம்தான் ஆகிறது. வீட்டுத் தராசில் நிறுக்க முடியாத அளவு. ஆகவே கடைக் கரைசலைத்தான் நம்பவேண்டும், ஆனால் நான் பார்த்த பல குப்பிகளில் எத்தனை சதவீதம் என்ற விவரமே இல்லை. ‘பத்து லிட்டருக்கு ஒரு சொட்டு’ என்று இருக்கும், யார் கைச் சொட்டு என்று யார் கேட்பது? டெட்ராவும் லோச்சும் இந்தச் சாயத்துக்கு மிக எளிதில் பாதிக்கப்படுபவை. அதனால்தான் ‘பாதி அளவு போடு’ என்ற அறிவுரை. பாதி அளவு சரிதான், கூடவே நாளையும் நீட்டவேண்டும். பாதி அளவில் நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்துவது மீனுக்கு முழு வேதனை, ஒட்டுண்ணிக்குப் பாதி தொந்தரவு. சூடு ஏற ஏற இதன் நச்சும் ஏறும். புற்றுநோய் சந்தேகம் உள்ள பொருள் என்பதால் உண்ணும் மீன்களில் இதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.

பார்மலின் இன்னும் கறார். லிட்டருக்கு 25 மில்லிகிராம் என்பது தொட்டியில் விடும் அளவு. ஒவ்வொரு 5 மில்லிகிராம் பார்மலினும் தண்ணீரிலிருந்து சுமார் 1 மில்லிகிராம் ஆக்சிஜனை எடுத்துவிடும். 25 போட்டால் 5 போய்விடும். 30 டிகிரி தண்ணீரில் மொத்தமே 7.5 தான் இருந்தது! சூடும் பார்மலினும் ஏன் சேரக்கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். பழைய குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பாராபார்மால்டிஹைடு, பார்மலினைவிடக் கொடிய நஞ்சு. அந்தக் குப்பியைத் தொட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெத்திலீன் ப்ளூ முட்டைகளுக்குப் பூஞ்சை வராமல் காக்க நல்லது. தொட்டியில் ஊற்றினால் பில்டர் பாக்டீரியா சாகும், அப்புறம் அம்மோனியாவோடு தனிப் போராட்டம். காப்பர் சல்பேட் தண்ணீரின் காரத்தன்மைக்கு ஏற்ப ஒரு வீட்டில் வேலையே செய்யாது, அடுத்த வீட்டில் கொல்லும். இறாலுக்கும் நத்தைக்கும் நிச்சயமாக எமன். பொட்டாசியம் பெர்மாங்கனேட் குளத்துக்குச் சரி, சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

இடமாற்றம்

இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை, ஆனால் செடியும் செர்ரி இறாலும் நிறைந்த தொட்டிக்கு என் முதல் தேர்வு இதுதான். இரண்டு பிளாஸ்டிக் டப்பா, அடியில் கல் எதுவும் கிடையாது, ஒரு ஏர் ஸ்டோன். மீனை முதல் டப்பாவில் ஒரு நாள், மறுநாள் சுத்தமான இரண்டாவது டப்பாவில். உதிர்ந்தவை எல்லாம் பழைய டப்பாவிலேயே தங்கிவிடும். அதைக் கழுவி மாடி வெயிலில் காயவைத்தால் கதை முடிந்தது. ஒரு வாரம், பத்து நாள் இப்படி மாற்றினால் மருந்தே தேவைப்படாது. இறால் இந்த ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்காது. மீனில்லாத பெரிய தொட்டியை 28 டிகிரிக்குக் குறையாமல் இரண்டு வாரம் விட்டுவைத்தால் அங்கே இருப்பவை பட்டினியில் சாகும்.

குறை என்னவென்றால், டப்பாவில் பில்டர் கிடையாது. அதனால் தீனியைக் குறைக்கவேண்டும், மாற்றும் தண்ணீர் அதே சூட்டில், குளோரின் நீக்கியதாக இருக்கவேண்டும். தினமும் பிடித்து மாற்றுவதால் மீன் மிரளும். க்ளவுன் லோச்சுக்குக் கண்ணுக்குக் கீழே மடக்கு முள் உண்டு, கோரிக்குத் துடுப்பில் முள், இரண்டும் வலையில் மாட்டிக்கொள்ளும். வலையைத் தவிர்த்து, ஒரு டப்பாவால் தண்ணீரோடு அள்ளுவதுதான் நல்லது. பெரிய லோச் கூட்டம் என்றால் இந்த வழி நடக்காது.

ஆக, க்ளவுன் லோச், டிஸ்கஸ், கார்டினல் மட்டும் இருந்தால் சூடு, துணைக்கு 2 கிராம் உப்பு. மிஸ் கேரளா என்றால் 26 டிகிரியைத் தாண்டாமல் உப்பும் பலத்த காற்றோட்டமும், தினம் அடிமண்ணை சைபன் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்வதும். செடித் தொட்டியில் நாலைந்து சின்ன டெட்ரா, கோரி என்றால் இடமாற்றம். பச்சை மருந்து, மற்ற எதுவும் கேட்காதபோது மட்டும், தனித் தொட்டியில், பாதி அளவில், 26 டிகிரியில். அப்போது பில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடவேண்டும், இல்லையென்றால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும்.

எந்த வழியானாலும் கடைசிப் புள்ளி மறைந்த அன்று நிறுத்தக்கூடாது. உறைக்குள் இருப்பவை அப்போதுதான் வெளியே வரும். அதற்குமேல் ஒரு வாரம் விடாமல் தொடர்ந்து, பிறகு சூட்டை நாளுக்கு ஒரு டிகிரி இறக்கி, உப்பை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். பச்சை மருந்து போட்டிருந்தால் எடுத்துவைத்த கார்பனை இப்போது திரும்பப் போடுங்கள், மிச்சச் சாயத்தை அது இழுத்துக்கொள்ளும்.