சோனி 200-600ஆ, சிக்மா 150-600ஆ? நம் ஊர் ஈரக்காற்றுக்கு எது ஒத்துவரும்

சோனி இ-மவுண்ட் (சோனியின் லென்ஸ் இணைப்பு முறை) கேமரா பாடியில் பறவைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு லென்ஸுக்கு நடுவில் வந்து நிற்பார்கள்: சோனி 200-600 ஜி (2019), சிக்மா 150-600 டிஜி டிஎன் ஸ்போர்ட்ஸ் (2021). நான் வாங்கியது சோனி; சாய்வு அந்தப் பக்கம்தான்.

எடை இரண்டும் 2.1 கிலோ சுற்று. ஃபில்டர் அளவு 95 மி.மீ., 600 மி.மீ. ஜூமில் துளை (ஒளி நுழையும் அளவு) எஃப் 6.3, இதிலும் ஒன்றே. கிளையில் அமர்ந்த மீன்கொத்தியின் படத்தைப் பார்த்து எந்த லென்ஸ் என்று சொல்வது கடினம். கூர்மை பற்றிய விவாதத்தை இத்தோடு விடலாம்.

முடிவைத் தீர்மானிப்பது லென்ஸின் வெளிக்குழல். சோனியில் ஜூம் செய்தாலும் நீளம் மாறாது; கண்ணாடித் தொகுதிகள் உள்ளுக்குள்ளேயே நகரும். சிக்மாவில் முன்பாதி வெளியே நீளும். நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சுருங்கும்போது வெளியே தள்ளும். இணைப்பில் ரப்பர் சீல் உண்டு என்றாலும் அது தடுப்பது தூறலையும் தூசியையும்தான், ஈரப்பதத்தை அல்ல. கோடியக்கரை உப்பளக் காற்றில் நீட்டிய உட்குழல்மேல் மெல்லிய உப்புப் படலம் படியும். துடைக்காமல் சுருக்கினால் அது சீலைத் தாண்டி உள்ளே போகும். ஆகவே சிக்மா வைத்திருப்பவர்கள் ஒரு பழக்கத்தை விடக்கூடாது: முழுக்க நீட்டி, லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் உட்குழலைச் சுற்றித் துடைத்து, உலர்ந்தபின் சுருக்குவது. பறவை பறந்துகொண்டிருக்கும்போது யார் துடைப்பார்கள் என்பதுதான் சிக்கல்.

பூஞ்சை முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் வந்தால் துடைத்துவிடலாம். உள்தொகுதியில் வந்தால் லென்ஸைப் பிரித்து, மறுபடி அச்சு சரிபார்த்துப் பூட்ட வேண்டும்; கண்ணாடிமேல் உள்ள கோட்டிங்கை (மெல்லிய பூச்சை) அரித்துவிட்டால் தடம் போகாது. விற்கப் போனால் வாங்குபவர் டார்ச் அடித்து முதலில் பார்ப்பதும் இதைத்தான். சோனிக்கும் பூஞ்சை வராது என்று இல்லை. காற்று புகாத லென்ஸ் அல்ல அது. துணிப்பையிலேயே வைத்தால் எதுவும் கெடும். ட்ரை கேபினெட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) 40–50 சதவீத ஈரப்பதம் போதும். கேபினெட் இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் விடுங்கள், குளிர்ந்த கண்ணாடியில் நீர் படியாமல் இருக்க. உப்புக்காற்று விஷயத்தில் நான் சொல்வது பெரும்பாலும் அமைப்பை வைத்துத்தான். இரண்டையும் பல மழைக்காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அல்ல.

குழல் நீளாததால் இன்னொரு லாபம்: கிம்பலில் (கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கும் முக்காலித் தலை) ஒருமுறை சமன் செய்தால் 200-இலும் 600-இலும் ஏறக்குறைய அதே சமநிலைதான். ஜூம் வளையமும் ஒரே சுழற்றில் முடிந்துவிடும்.

வேகத்தில் சோனி வேலி போட்டிருக்கிறது: பிற நிறுவன லென்ஸுக்கு நொடிக்கு 15 ஃபிரேம்தான் (படம்தான்). அதைவிட வேகமான ஏ1, ஏ9 கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது இடிக்கும். 10 ஃபிரேம் எடுக்கும் ஏ7 IV-க்குக் கவலையில்லை. சிக்மாவின் இ-மவுண்ட் பதிப்பில் டெலிகன்வெர்ட்டரும் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் போட்டு எட்டும் தூரத்தைக் கூட்டும் கருவி) கிடையாது. சோனியில் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டால் 840 மி.மீ., எஃப் 9. வேடந்தாங்கலில் மரக்கூட்டம் தள்ளி இருப்பதால் ஆசை வரும். ஆனால் வெயில் ஏறிய பின் தண்ணீர்மேல் அலையும் வெப்பக்காற்றையும் சேர்த்தே அது பெரிதாக்கும்; காலையில் மட்டும் பயன்படும்.

சிக்மாவுக்கு நியாயமாகச் சேர வேண்டியவையும் உண்டு. சுருக்கினால் 26.5 செ.மீ.தான், சோனி எப்போதும் 32, பல தோள்பைகளில் பாடியோடு நுழையாது. காலர் அடி (லென்ஸை முக்காலியில் பொருத்தும் கால்) நேராக ஆர்க்கா-ஸ்விஸில் (முக்காலித் தலையின் பொதுவான பிடிப்பு முறை) பூட்டும். சோனியின் அடிக்குத் தனித்தகடு வேண்டும், அல்லது அடியையே மாற்ற வேண்டும். கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே கூடு கட்டும் சங்குவளை நாரைக்கு 200 மி.மீ. மிக நெருக்கமாகிவிடும், 150 கைகொடுக்கும். பேருந்தில் ஒரே பையோடு போகிறவர், கடற்கரைப் பக்கம் அதிகம் போகாதவர் என்றால் சிக்மாவை எடுக்கலாம், துடைக்கும் பழக்கத்தோடு.