கிளிப், முகக்கவரி, கரியமில வாயு மீட்டர்: காற்றுக் கிருமிக்கு எது காவல்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் கடைவீட்டு மாடிகளில் இயங்கும் டியூஷன் வகுப்புகள் பல ஒரே மாதிரிதான் இருக்கும். சன்னல்கள் இறுக மூடியிருக்கும், சுவரில் ஸ்பிளிட் ஏர்கோன் ஓடும், அறை நிறையப் பிள்ளைகள். அந்த ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது; இருக்கும் காற்றையே குளிர வைத்துச் சுற்றவிடும். அங்கே ஒரு பிள்ளைக்குக் கோவிட் இருந்தால், மற்றவர்கள் அதைச் சுவாசித்தார்களா என்று எந்தக் கருவி சொல்லும்?

நேரடியாக அந்தக் கேள்விக்கென்றே பிறந்தது அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்தின் 'ஃபிரெஷ் ஏர் கிளிப்'. சட்டையில் மாட்டிக்கொள்ளலாம். பேட்டரி கிடையாது. அதிலுள்ள சிலிகோன் படலத்தில் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் படியும், பிறகு ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வார்கள். 2022இல் வெளியான அவர்களின் ஆய்வில் 62 பேர் ஐந்து நாள் அணிந்தார்கள். ஐந்து கிளிப்புகளில் கொரோனா வைரஸின் தடயம் இருந்தது. அதில் நான்கு, உணவகத்தில் பரிமாறுகிறவர்கள் அணிந்தவை. நம் வாழையிலைக் கடைகளில் நாள் முழுக்க மேசைக்கு மேசை ஓடும் ஊழியர்களை நினைத்தால் எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ஆனால் முடிவு வருவதற்குள் சுவாசித்தது சுவாசித்ததுதான்.

அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழுவின் முகக்கவரி (2021) பட்டனை அழுத்தியதும் சுமார் 90 நிமிடத்தில் பதில் தரும். அது பார்ப்பது அணிந்தவரின் மூச்சை. உங்களுக்குத் தொற்று இருக்கிறதா என்று சொல்லும்; பக்கத்து நாற்காலியைப் பற்றிப் பேசாது. ஷாங்காய் தொங்ஜி பல்கலைக்கழகக் குழுவின் முகக்கவரிதான் (2022) சுற்றியுள்ள காற்றையே சோதித்து, பத்து நிமிடத்தில் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் சோதித்தது மூடிய ஆய்வக அறையில். கூட்டம் நெரியும் எல்ஆர்டி ரயில் பெட்டி வேறு.

சரி, இன்றைக்கே கையில் எதை எடுப்பது? பையில் அடங்கும் கரியமில வாயு மீட்டர். அது வைரஸைக் காணாது. அடுத்தவர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று மட்டும் காட்டும். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. உள்ளரங்கக் காற்றுக்கு மலேசியாவின் 2010 நெறிமுறை வைத்த உச்சவரம்பு 1000. எண் ஏறுவதைக் கண்டவுடன் சன்னலைத் திறக்கலாம். மற்ற மூன்றையும் விட இதை நான் மேலே வைப்பதற்கு அந்த ஒரு வசதி போதும்.

இதற்கும் எல்லை உண்டு. காற்றிலுள்ள நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ஓடும் அறையில் கிருமி குறைந்திருக்கும், மீட்டர் எண் குறையாது. புகைமூட்டக் காலத்தில் சன்னலைத் திறக்கவும் முடியாது. அப்போது வடிகட்டியை ஓட விட்டு, பிள்ளைகளுக்கு நல்ல முகக்கவரி கொடுத்து, வகுப்பை இரண்டாகப் பிரித்து வையுங்கள்.