வேகத்தைக் காட்டி என் தலையில் கட்டிய இணைப்பு

கோத்தகிரிப் பக்கம் வீட்டிலிருந்தபடியே இணையத் தொலைபேசியில் வேலை பார்ப்பவர்களும் பார்க்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு இணைப்புக்குப் பணம் கட்டுங்கள். நான் 8,900 ரூபாய் கட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அரவேனுவுக்கு அருகே தேயிலைச் சரிவில் எங்கள் வீடு. கோவை நிறுவனம் ஒன்றுக்கு வரும் வாடிக்கையாளர் அழைப்புகளை மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எடுத்துப் பேசுவது என் வேலை. கணினியில் ஹெட்செட்டை மாட்டினால் அதுதான் தொலைபேசி.

ஐப்பசி மாதம் ஒரு நாள் காலை 11 மணிக்கு இணைப்புக் கொடுக்க ஆள் வந்தார். மாடியில் வெள்ளைத் தட்டு ஆன்டெனா ஒன்றை எதிர்மலை நோக்கி முடுக்கினார். "ஃபைபர் என்றுதானே சொன்னீர்கள்?" என்றேன். "டவுன் வரைக்கும் ஃபைபர்தான் அக்கா, அங்கிருந்து உங்கள் மாடிக்குக் காற்றில் வருகிறது" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்குள் கைபேசியில் வேகச் சோதனையைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார். முள் ஏறி 94 மெகாபிட்டில் நின்றது. "நாலு சினிமா ஒரே நேரத்தில் ஓடும் அக்கா." பொருத்துக் கூலி 3,500, ஆறு மாத முன்பணம் 5,400, அங்கேயே கொடுத்தேன்.

சினிமா ஓடியது, பொய் சொல்லக் கூடாது. பேச்சுதான் ஓடவில்லை. இருட்டியதும் தொடங்கும். எதிர்முனையில் ஒரு பெரியவர், "ஏனம்மா, தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பேசுகிறாயா?" என்று கேட்டார். இன்னொருவர் தன் பதிவு எண்ணை நான்கு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது வாரம் மேற்பார்வையாளர் என் அழைப்புகளின் தர மதிப்பெண்ணை அனுப்பினார். ஐந்துக்கு 2.6. நான்குக்கு மேல் இருந்தால்தான் நல்ல பேச்சு.

இணைப்புக்காரரிடம் கேட்டால் ஹெட்செட் சரியில்லை என்றார். 2,800 ரூபாய்க்குப் புது ஹெட்செட் வாங்கினேன். அதே தண்ணீர்த் தொட்டி. அடுத்து, தொலைபேசி மென்பொருளில் குறை என்றார். அதற்கும் அடுத்து, "மலையில் பனிமூட்டம் அக்கா, சிக்னல் அப்படித்தான்." நேரில் வரச் சொன்னால் வழியில் காட்டெருமை நிற்கிறது என்பார். எங்கள் ஊரில் அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

கோவையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகனிடம் அழாத குறையாகச் சொன்னேன். அண்ணன் முதலில் கேட்டது, "வேகம் எதற்கு உனக்கு?" குரலை டிஜிட்டலாக்கச் சாதாரணமாகப் பயன்படும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 100 கிலோபிட்கூட வேண்டாமாம். ஆனால் குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, வினாடிக்கு 50 பாக்கெட்டாக அனுப்புகிறது. அவை ஒரே சீராக வந்து சேர வேண்டும். சினிமா கொஞ்சம் முன்கூட்டியே சேமித்துக்கொண்டு ஓடும். பேச்சுக்கு அந்த வசதி இல்லை. தாமதமாக வரும் பாக்கெட், இலையை மடித்த பிறகு வரும் சாம்பார். இந்தச் சீர்குலைவைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். வேகச் சோதனையின் பெரிய எண் இதைக் காட்டவே காட்டாது.

நிறுவனத்தின் அழைப்பு சர்வர் முகவரியைக் கொடுத்து, மணிக்கொரு முறை 200 தடவை 'பிங்' அடித்து, அதாவது சின்னப் பாக்கெட் ஒன்றை அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, நோட்டில் எழுதச் சொன்னார். மூன்று நாள் எழுதினேன். பகலில் 30 மில்லிவினாடியை ஒட்டியே வரும். இரவு எட்டரைக்கு எழுதிய வரிசை இப்படி: 31, 34, 290, 36, 412, பதிலில்லை, 33. இருநூறில் 9 காணோம். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது பேச்சுக்கு நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. பிங் காட்டுவது போய்த் திரும்பும் நேரம் என்பதால் அதில் ஏறக்குறையப் பாதியைக் கணக்கில் கொள்ள வேண்டும். பாதியாக்கினாலும் 412 தேறவில்லை. அதைவிட மோசம், 31க்கும் 412க்கும் நடுவே அது ஆடுகிற ஆட்டம்.

பனிமூட்டக் கதையும் அந்த நோட்டிலேயே உடைந்தது. இரண்டாம் நாள் காலை 7 மணிக்கு எங்கள் வாசல் கேட்டே கண்ணுக்குத் தெரியாத அளவு மூட்டம். 200க்கு 200 வந்து சேர்ந்தது. அதே நாள் பிற்பகல் மூன்றரைக்கு மூட்டமே இல்லை, காற்றும் மழையும், 17 போய்விட்டது. மாடியேறிப் பார்த்தேன். தட்டுக்கு நேர் எதிரே, பக்கத்துத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் நனைந்து ஆடிக்கொண்டிருந்தன. தட்டுக்கு வரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பனி ஒன்றும் செய்யாது, ஈர இலைதான் தடுக்கும் என்றார் அண்ணன். இரவுக் குறைக்கு மரம் காரணமில்லை. ஒரே கோபுரத்தில் வீடுகளை அளவில்லாமல் ஏற்றியிருக்கிறார்கள், எல்லோரும் படம் பார்க்க உட்காரும் நேரத்தில் அது திணறுகிறது என்பது அவர் கணிப்பு.

அந்த 94? அவர் காட்டிய சோதனையை நானும் ஓட்டிப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் சோதனை சர்வரின் பெயர் இருந்தது: அதே இணைப்புக்காரருடையது. அதாவது என் மாடியிலிருந்து அவர்கள் வீட்டுத் திண்ணை வரை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். '100 எம்பிபிஎஸ் வரை' என்று இருந்தது. அந்த 'வரை'யை அன்று நான் படிக்கவில்லை.

இடையில் சில அழைப்புகளில் நான் பேசுவது போகும், அவர்கள் பேசுவது எனக்கு வராது. அது வேறு நோய்: அவர்கள் கொடுத்த ரூட்டரில், இணைய அழைப்பின் முகவரித் தகவலை நடுவில் திருத்தும் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) என்ற அமைப்பை அணைத்ததும் நின்றது. இந்த ஒன்றுக்கு மட்டும் மரத்தையும் கோபுரத்தையும் திட்ட முடியாது.

இணைப்பு வாங்குகிறவர்கள், நீங்கள் பேசப்போகும் நேரத்திலேயே, வைஃபையில் இல்லாமல் கேபிள் போட்டு, உங்கள் அழைப்பு சர்வருக்கே பிங் அடித்துப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தில், நாம் பேசியதை நமக்கே திருப்பிக் கேட்க வைக்கும் எதிரொலிச் சோதனை எண் இருந்தால் அதை அழைத்து ஒன்றிலிருந்து இருபது வரை சொல்லுங்கள். எனக்கு ஏழும் எட்டும் பதினான்கும் திரும்பி வரவில்லை. மழை நாளில் இன்னொரு முறை. முன்பணம் அதற்கப்புறம்.

புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால்தான் அவர்களுடைய மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியும். நான் போயிருக்கிறேன், பதில் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் நோட்டின் பக்கங்களைச் சொல்லிப் பதிந்திருக்கிறேன். இப்போதைக்கு மாலை வேலைக்குப் பஸ் ஏறி டவுனில் அத்தை வீட்டுக்குப் போகிறேன். நேற்று வேறொரு நிறுவனத்து ஆள் வந்து கைபேசியை எடுத்தார். இரவு எட்டரைக்கு வாருங்கள் என்றேன். அந்த நேரத்துக்கு ஆள் கிடையாது என்று போய்விட்டார்.