தீபாவளி சீசனில் விற்கிற ‘வார்ம் ஸ்ட்ரிப் செட்’: வாங்கும் முன் ஆம்பியர் பாருங்கள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் நம்ம நெல்லையில் சாயங்காலமே ஹால் இருண்டுவிடும். வெள்ளை டியூப் லைட்டின் கண்கூச்சம் வேண்டாம், இதமான மஞ்சள் வெளிச்சம் போதும் என்று நினைப்பவர்களைக் குறிவைத்துத்தான் இந்த எல்இடி ஸ்ட்ரிப் லைட் (ஒட்டக்கூடிய நாடா விளக்கு) செட் விற்கப்படுகிறது.

பாளையங்கோட்டை வீடு ஒன்றில் நடந்தது இது. ஃபால்ஸ் சீலிங் ஓரத்துக்கென்று 5 மீட்டர் ரோல் இரண்டும் 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும் கடையில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டிய அன்றே ஒரு முனை பளிச்சென்றும் மறுமுனை மங்கலாகவும் எரிந்தது. அடாப்டர் கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் கருகும் வாடை. கார்த்திகை தீபத்துக்கு முன்பே அணைந்துவிட்டது. கேட்டதற்கு, “லைட்டுக்கெல்லாம் கேரண்டி கிடையாது அண்ணாச்சி” என்று பதில். கையில் இருந்ததோ துண்டுச்சீட்டு.

கணக்குப் போட்டாலே தப்பு தெரியும். கொடுத்தது 5050 வகை (5 மி.மீ. சதுர எல்இடி), மீட்டருக்கு 60 எல்இடி. அது மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். 10 மீட்டருக்கு 144 வாட், அதாவது 12 ஆம்பியர். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 60 வாட்தான்; அந்த அடாப்டர் எப்படித் தாங்கும்? போதாததற்கு இரண்டு ரோலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். ஸ்ட்ரிப்புக்குள் ஓடும் செப்புத் தகடு மெல்லியது. 5 மீட்டர் தாண்டினால் வோல்டேஜ் இறங்கிவிடும். ஒவ்வொரு ரோலுக்கும் அடாப்டரிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும்.

இதமான வெளிச்சத்துக்கு அவ்வளவு வாட்டே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மீட்டருக்கு 4.8 வாட் ஸ்ட்ரிப் கொடுத்திருந்தால் 10 மீட்டருக்கு 48 வாட். அதே 5 ஆம்பியர் அடாப்டர் 20 சதவீத இடைவெளியோடு நிம்மதியாக ஓடியிருக்கும். பால் நிற மூடி போட்ட அலுமினியச் சேனலுக்குள் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாது, சூடும் இறங்கும்.

நிறத்திலும் ஏமாற்று உண்டு. ‘வார்ம்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் (K) எண், 2700K அல்லது 3000K என்று இருக்க வேண்டும். 6500K என்றால் அது பழைய வெள்ளைதான். சிலர் வெறும் மஞ்சள் நிற எல்இடியைத் தள்ளிவிடுகிறார்கள். அதன் கீழே காய்கறி, துணி, முகம் எதுவும் சொந்த நிறத்தில் தெரியாது. கடையிலேயே எரியவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள். நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 80க்குக் குறையக் கூடாது.

மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் 230 வோல்ட் நேரடி ரோப் லைட்டைச் சுற்றவே சுற்றாதீர்கள். வெட்டிய முனையில் மூடி கழன்றால் அங்கே நிற்பது வீட்டு மின்சாரம். வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டரில் சாதாரண எல்இடி பல்பை மாட்டி மங்கவைக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். சிமிட்டும், உள்ளே இருக்கும் டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று) போய்விடும். அதற்குப் பதில் 3 வாட் பல்பு போதும்.

பல்பு வாங்கும்போது பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையோடு ‘R-’ எண் இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைப் போட்டுப் பார்க்கலாம். பில் கட்டாயம் வாங்குங்கள். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் இல்லை.